வந்த வழியை அழிக்கும் பொத்தான்

அன்று வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். மாமா இல்லை. அவர் அம்மாவின் தம்பி. நாங்கள் சம்பூரை விட்டு இடம்பெயர்வதற்கு முன்னரே, ஒரு காலையில் சைக்கிளில் புறப்பட்டுப் போனவர் இன்னும் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் எதற்குக் கூடினாலும் அவர் இல்லாததோடுதான் கூடுவோம். அன்றைக்கு அது வழக்கத்தை விடக் கூடுதலாக உறுத்தியது. பேச்சு சைக்கிளுக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்குவதைப் பற்றியது.

எனக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது. உட்கிராமங்களுக்குப் போய்க் கிணற்று நீரின் உப்பைச் சோதித்துப் பதிய வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து அலுவலகம் ஒன்றில் கால் வைத்தவன் நான்தான். மோட்டார் சைக்கிள் வாங்க வசதியில்லை. முதல் வாரத்திலேயே கைபேசி வெயிலில் சூடேறி அணைந்துபோக, பற்றைக் காட்டுக்குள் வழி தவறினேன். பொழுது சாயும் நேரம், மிகக் கிட்டத்தில் ஒரு கொப்பு முறியும் சத்தம் கேட்டது. யானையைக் காணவில்லை, மூச்சுச் சத்தம்தான் கேட்டது. சைக்கிளை மிதிக்கவும் பயம், நிற்கவும் பயம். உருட்டிக்கொண்டே வந்து தார் றோட்டில் ஏறியபோது என் சேட்டு முழுவதும் நனைந்திருந்தது. அம்மா வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் நின்றார். என்னைத் திட்டவில்லை. கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதனால்தான் அந்த ஞாயிறு கூடினோம். இணையத்தில் நான் பல நாள் தேடிப் படித்து வைத்திருந்தேன். வெயிலில் திரை தெரிய வேண்டும், மழை தாங்க வேண்டும், பாதைகள் உள்ள வரைபடம் உள்ளேயே இருக்க வேண்டும்.

"சைக்கிளுக்கெண்டே சின்னதா ஒண்டு இருக்கு அப்பா. கைபிடியிலை பூட்டலாம்."

"விலையைச் சொல்லு மச்சான்" என்றார் அத்தான். சொன்னேன். "அந்தக் காசுக்கு இன்னொரு சைக்கிளும் வாங்கி, முன்னுக்கு வழிகாட்ட ஆளும் வைக்கலாமே!"

அக்கா சிரித்தாள். அப்பா சிரிக்காமல் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். பொலித்தீனில் சுற்றிய தன் மீன்பிடி வள்ளத்து ஜி.பி.எஸ்.ஸை என் மடியில் வைத்தார்.

"வாடைக் காலம். வள்ளம் கரையிலைதானே கிடக்கு. இதைக் கட்டிக்கொண்டு போ."

குசினி வாசலில் நின்ற அம்மா, "அதைச் சைக்கிளிலை கட்டாதேங்கோ" என்றார்.

"அது அந்தக் காலம். இப்ப ஆர் கேக்கிறான்?" என்றார் அப்பா.

"காலம் உங்களுக்கு மாறியிருக்கும். என்ட தம்பி இன்னும் வரேல்லை."

மாமா அன்று கொண்டு போனது அப்பாவின் பழைய ஜி.பி.எஸ்.தான். பழுது பார்க்கக் கொடுப்பதற்காகச் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு போனார். சண்டைக் காலம் அது; சந்தியில் மறித்த சீருடைக்காரர்கள் அதைத் திறந்து பார்த்தார்களாம். உள்ளே அப்பா பதிந்து வைத்த பொயின்றுகள் இருந்தன. கடலுக்கடியில் மீன் கிடக்கும் பாறைத்திட்டுகளுக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர் அது. எவரும் தன் பொயின்றுகளைத் தம்பிக்குக்கூடக் காட்டமாட்டார். வெறும் எண்களாகப் பார்ப்பவனுக்கு அவை தாக்கக் குறித்த இடங்களாகக்கூடத் தெரியலாம். கண்டவர்கள் சொன்னது இவ்வளவுதான்.

அன்று மாலை அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு பொத்தானைக் காட்டினார்.

"ஆரும் மறிச்சால் இதை அமத்திப் பிடி. உள்ளுக்க இருக்கிற எல்லாம் போயிரும்."

"உங்கட பொயின்ற் எல்லாமா?"

"எல்லாம்தான். யோசிச்சுக்கொண்டு நிக்காதே."

மறுநாள் காலை பழைய ரியூப்பைக் கீலமாகக் கிழித்து அந்தக் கறுப்புக் கருவியைக் கைபிடியில் கட்டினேன். போக வேண்டிய ஊரைக் குறித்ததும் அம்புக்குறி எழுந்தது. சிறுவயதிலிருந்து வள்ளத்தில் இருந்து பார்த்த அம்புக்குறி அது. கடலில் எங்களுக்கு அடையாளமான கோணேசர் மலையே மழையில் மறைந்த நாட்களிலும் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தது. கடலில் அது காட்டும் பக்கம்தான் வழி. றோட்டு இடப்பக்கம் வளைந்தபோது அம்பு நேரே காட்டியது. நானும் நேரே போனேன். படித்தவன் என்று பெயர், தரையில் பற்றையும் வாய்க்காலும் வேலியும் இருப்பது கடல் கருவிக்குத் தெரியாது என்று எனக்கு உறைக்கவில்லை.

மணற்பாதை ஒற்றையடிப் பாதையானது. பிறகு அதுவும் இல்லை. வறண்ட வாய்க்காலைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்தேன். ஈர யானை லத்தி கிடந்தது. திரும்புவோமா என்று நினைத்தேன். அம்போ இன்னும் கொஞ்சம்தான் என்பதுபோல நின்றது. முள்ளை விலக்கி வெளியே வந்தால் எதிரே கம்பி வேலி, அதற்குப் பின்னால் காவல் கோபுரம். அம்பு வேலிக்குள்ளேயே காட்டிக்கொண்டிருந்தது.

"ஏய்! தம்பி!"

சீருடைக்காரர் ஒருவர் வேலியோரமாக ஓடி வந்தார். தோளில் துவக்கு. எனக்கு அப்போது யானை நினைவில் இல்லை, வேலை நினைவில் இல்லை. மாமாவின் சைக்கிள் பைதான் நினைவில் வந்தது. நான் அந்தப் பையைக் கண்டதே இல்லை. விரல் தானாகப் பொத்தானைத் தேடி அமத்திப் பிடித்தது. அவர் வேலியருகே வந்து சேர்ந்தபோது திரை வெறுமையாக இருந்தது.

"அந்தப் பக்கம் போக வேணாம்" என்று வேலியோரத்துப் பற்றையைக் காட்டி மூச்சு வாங்கினார். "அலியா! ரெண்டு அலியா நிக்குது. மேல இருந்து பாத்தது. நீ நேரா அது கிட்ட போறது."

யானைகளுக்காகத்தான் ஓடி வந்திருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினால் றோட்டு வரும் என்று கையால் காட்டியவர், கைபிடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"இது போட்ல வைக்கிறதுதானே? எங்க அப்பாகிட்டயும் இருக்கு. நீர்கொழும்பு நாங்க." வேலிக்கு மேலால் எட்டித் திரையைப் பார்த்தார். "பொயின்ற் ஒண்ணுமே இல்ல? பொயின்ற் இல்லாம எப்படி மீன் பிடிக்கிறது தம்பி?"

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் வைத்தே அப்பாவிடம் சொன்னேன். அவர் கருவியை வாங்கிப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார்.

"மறிச்சவங்களோ?"

"இல்லை அப்பா. யானை நிக்குதெண்டு சொல்ல வந்தவர்."

கருவியைத் திரும்பப் பொலித்தீனில் சுற்றினார். "அமத்தச் சொன்னது நான்தானே" என்றார். "அண்டைக்கு உன்ட மாமாவுக்கு இதைச் சொல்லிக் குடுக்கேல்லை."

அந்த வாரமே மூதூரில் வள்ளமேறிப் பட்டணத்துக் கடைக்குப் போனோம். அம்மா தானும் வருவேன் என்று நின்றார். கடைக்காரர் கிண்ணியாக்காரர். நிலாவெளியில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன சைக்கிள் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. நான் கேட்ட எல்லாம் அதில் இருந்தன.

"இவன் போற இடமெல்லாம் இதுக்குள்ள பதியுமோ?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு மூலை விடாமப் பதியும் அக்கா!" என்றார் அவர் பெருமையாக.

"பதியாத ஒண்டு தாங்கோ தம்பி."

"அல்லாவே, அதுக்குத்தானே சனம் இத வாங்குது! பதிஞ்சாத்தான் வழி தப்பினாலும் வந்த வழியே திருப்பிக் கூட்டி வரும். பதியாட்டி உங்கட மகன் காட்டுக்குள்ளதான்."

அம்மா கருவியைக் கையில் வாங்கவில்லை, கண்ணாடிப் பெட்டிக்கு மேல் அது கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பதிந்தால் மறிப்பவர்கள் காண்பார்கள். பதியாவிட்டால் நான் வந்து சேரமாட்டேன். எனக்கு அதுவரை தெரியாத ஒரு பயத்தை அவர் முகத்தில் கண்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் வந்து நிற்கும் பயம் அது.

"வீட்ட வந்து சேருமட்டும் பதியட்டும்" என்றார் பிறகு. "வந்தாப் பிறகு அழிக்கிறது எதெண்டு எனக்குக் காட்டுங்கோ."

கடைக்காரர் சிரிக்காமல் காட்டிக் கொடுத்தார். எழுத்துத் தெரியாத அம்மா, பொத்தான்களின் இடத்தைக் கணக்கு வைத்து மூன்று தரம் செய்து பார்த்தார்.

இப்போது ஒவ்வொரு பின்னேரமும் நான் சைக்கிளை நிறுத்துமுன் அம்மா கை நீட்டுவார். குசினியில் உலையைப் பார்த்தபடியே அன்றைய வழியை அழித்துவிட்டு, அதன்பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றுவார். நான் தடுப்பதில்லை. எனக்கும் அப்போதுதான் மூச்சு வரும்.

வாடைக் காற்று ஓய்ந்ததும் அப்பா பொயின்றுகளைத் தேடப் போனார். கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்துச் சிலவற்றைக் கண்டுபிடித்தார். மற்றவை கடலிலேயே கிடக்கின்றன. வெறும் வள்ளத்தோடு திரும்பிய நாட்களே அதிகம். சைக்கிள் கருவிக்கு முப்பத்தெட்டாயிரம், தேடி எரித்த மண்ணெண்ணெய்க்கு முப்பத்து மூவாயிரத்து நானூறு. நான் பயந்து பொத்தானை அமத்திய அந்த ஒரு நொடிக்கு எல்லாமாக எழுபத்தோராயிரத்து நானூறு ரூபா.