எல்லாம் ரைட்டு

புதுப்பட்டினம் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு மெடிக்கல் ஷாப்பில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்கள்தான் பாதிப் பேர். மீன் விற்கும் பெண்கள் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் ஆம்பளை போகும்வரை காத்திருந்து, நானும் பொம்பளை என்பதால் என்னிடம் மெதுவாக "நீர்க்கடுப்பு" என்பார்கள். நான் ஆன்டிபயாடிக் அட்டையைக் கத்திரியால் வெட்டி நாலு மாத்திரை கொடுப்பேன். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன்.

என் அண்ணன் பெண்சாதியும் அங்கேதான் மீன் விற்றாள். அண்ணி என்று கூப்பிட்டாலும் என்னைவிட இரண்டு வயசுதான் பெரியவள். விடிந்ததும் கூடையோடு உட்கார்ந்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். பெண்களுக்கென்று கட்டிய கக்கூஸ் ஒன்று இருந்தது, எப்போதும் பூட்டியே கிடந்தது. அதனால் அவள் தண்ணீரே குடிப்பதில்லை.

"குட்ச்சா போவணும். போவ எங்க எடம் கீது?" என்பாள். "அதான் மாத்திரை குடுக்க நீ கீறியே."

அதைக் கேட்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவளுக்கு மட்டும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று. இரண்டு நாளில் எரிச்சல் நின்றுவிடும். மிச்சத்தை அடுத்த தடவைக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டுவைப்பாள்.

போன ஐப்பசி மழையில் அவளுக்குக் குளிர் ஜுரம் கண்டது, விலாவுக்குப் பின்னால் வலி. அப்போதும் நான் மாத்திரைதான் கொடுத்தேன். மூன்றாம் நாள் பேச்சு குழறியதும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிருமி கிட்னியிலிருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ள மூத்திரத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள்.

"அரைகுறையா சாப்பிட்டுச் சாப்பிட்டு கிருமிக்கு மருந்து பழகிடுது. எங்க வாங்கினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கடையில," என்றேன். எந்தக் கடை என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணன்தான் ரிப்போர்ட்டை வாங்கி வந்தான். அவன் மினி பஸ் கண்டக்டர், நாள் முழுக்க 'ரைட்டு ரைட்டு' என்று கத்துகிறவன். மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் 'ஆர்' என்று ஓர் எழுத்து.

"தோ பாரு, எல்லாத்துக்கும் ரைட்டுன்னு போட்டுகிறாங்க."

ஐந்து நாளாகச் சோறு இறங்காத முகம் அவனுக்கு. அதில் சிரிப்பு வந்திருந்தது.

ஆர் என்றால் ரெசிஸ்டன்ட். அந்த மருந்து இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. பட்டியலை மேலிருந்து படித்தேன். அதிலிருந்த மாத்திரைகள் எல்லாம் நான் வெட்டிக் கொடுத்தவை. எது எந்த ராக்கில் இருக்கும் என்றுகூடச் சொல்வேன். கடைசி வரியில், ஓர் ஊசி மருந்துக்கு மட்டும் 'எஸ்' போட்டிருந்தது. அது ஒன்றுதான் கேட்கும்.

"ஆமாண்ணே," என்றேன்.

அவன் அண்ணியின் காதருகே குனிந்தான். "எல்லாம் ரைட்டாம்மே. வூட்டுக்குப் பூடலாம்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "இன்னா மாத்திரன்னாலும் இவகிட்டயே வாங்கிக்கலாம்," என்றாள்.

அந்த ஊசியை உடனே போட்டார்கள். அதற்குள் கிட்னி நின்றுபோயிருந்தது. மறுநாள் மதியம் செத்துப்போனாள்.

நான் கடை வேலையை விட்டுவிட்டேன். அண்ணன் அந்த ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறான். துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் எடுத்துக் காட்டுகிறான்.

"எல்லாம் ரைட்டுன்னுதான்பா கீது. அப்புறம் எப்டி பூட்டா?" என்கிறான். பிறகு என் பக்கம் திரும்புகிறான். "மருந்துக் கடையில இருந்தவ, நீயே சொல்லு."

"ரைட்டுதாண்ணே," என்கிறேன்.