மூன்றாவது பிளக்

"அந்த மாமாவுக்கு மட்டும் ஏன் வேர்க்கல?"

நாலு வயதுக் குழந்தை ஒன்று காருக்குள்ளிருந்து கேட்ட கேள்வி இது.  

இது நடந்தது. 1997 மே 16, வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. டிரைவர் மிக்கேல்ராஜுக்கு நடந்தது. ஞாயிறு பூசைக்குப் போகாமல் வண்டிச் சாவியைத் தொடாத மனிதர் அவர். ஒன்றைக் கூட்டிச் சொல்லத் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

திருவாரூரில் அவர் ஒரு பழைய பியட் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று காலை வானதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. கணவன் சிங்கப்பூரில். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வானதியும் அவள் மாமியார் அகிலாண்டமும் பின் சீட்டில் ஏறினார்கள். வீட்டில் விட ஆளில்லாததால் மூத்த குழந்தையும் கூட வந்தது.

நீடாமங்கலம் தாண்டியதும், சீக்கிரம் போகலாமே என்று வெண்ணாற்றங்கரைக் குறுக்குப் பாதையில் வண்டியை இறக்கினார் மிக்கேல்ராஜ். கொஞ்ச தூரத்தில் இஞ்சின் விக்கத் தொடங்கியது. இஞ்சினுக்குள் தீப்பொறி போடும் நாலு பிளக்கில் ஒன்று வேலை செய்யவில்லை. அப்படியே மெல்ல ஓட்டிப் போயிருக்கலாம். "ரெண்டு நிமிஷந்தாம்மா, வேற பிளக் மாத்திடுறேன்" என்று நிறுத்தினார். மணி 11:35.

மூன்றாவது பிளக் அசையவில்லை. இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டிலேயே ஸ்பேனரை மாட்டி, பலங்கொண்ட மட்டும் திருகினார்.

டொக்...

தலை முறிந்து கையோடு வந்தது. திருகி ஏறும் மரைப்பகுதி உள்ளேயே இறுகிக் கிடந்தது. இனி புதுப் பிளக் போட வழியில்லை. சாவியைத் திருப்பினால் அந்த ஓட்டை வழியாக 'புஸ்... புஸ்...' என்று காற்றுதான் வந்தது.

"என்னய்யா ஆச்சு?" என்றாள் அகிலாண்டம்.

"பிளக் முறிஞ்சு போச்சும்மா."

"ரெண்டு நிமிஷம்னீங்களே! இந்தத் தகர டப்பாவுக்கு மாலை போட்டு மாதா படம் வேற! நாங்க நடந்திருந்தாக்கூட இந்நேரம் அம்மாப்பேட்டை போயிருப்போம்."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.  கத்திரி வெயில். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அறுத்துப் போட்ட வயலில் ஆள் இல்லை, மாடு இல்லை. உள்ளே வானதி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். ஓடிய வண்டியை நிறுத்தியது அவர். உடைத்ததும் அவர்.

மணி 12:00. எங்கோ தூரத்தில் மாதா கோயில் மணி அடித்தது. மிக்கேல்ராஜ் கண்ணை மூடி மதிய செபத்தைத் தொடங்கினார். இரண்டாவது வரி வரவில்லை.

மணியோசை நின்றது.

"தள்ளுங்கண்ணே."

திரும்பினார். மெக்கானிக் தியாகராசன்.

மூன்று மாதம் முன்னால் மஸ்கட்டுக்குப் போனவன். அன்று அவனைத் தஞ்சாவூரில் சென்னை பஸ் ஏற்றிவிட்டதே இந்த வண்டிதான். மிக்கேல்ராஜ் வாடகை வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாகத்தான் அவன் கிளம்பும் அவசரத்திலும் நாலு பிளக்கையும் மாற்றிப் போட்டான்.

"எப்படா வந்த?"

அவன் குனிந்து இஞ்சினைப் பார்த்தான். ஆற்றுப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும். மணலில் கால் தடம் இல்லை. அதை அவர் அப்புறந்தான் யோசித்தார்.

"முக்கோண அரம் இருக்காண்ணே?"

எடுத்துக் கொடுத்தார். அவன் மேலிருந்து ஆஸ்பத்திரி வாடை வீசியது.

கொதிக்கும் இஞ்சின் மேல் வெறும் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. 'டிக்... டிக்...' என்றிருந்த இஞ்சின் சத்தம் மெல்ல அடங்கியது.

அப்போதுதான் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டது.

"சும்மா இருடி" என்றாள் அகிலாண்டம். அவள் குரலே சரியில்லை.

எண்ணெய் விட்டான். முறிந்த பிளக்கின் குழிக்குள் அரத்தைத் தட்டி இறக்கினான். கழற்றும் பக்கம் திருப்பவில்லை.

"என்னடா, இறுக்குற?"

"முதல்ல கொஞ்சம் இறுக்கணும்ணே. அப்புறந்தான் விடும்."

இறுக்கினான். தளர்த்தினான். மறுபடி இறுக்கினான்.

கிறீச்...

"அன்னிக்கு இந்தப் பிளக்கு கோணலா ஏறிட்டுண்ணே" என்றான், தலை நிமிராமல். "பஸ்ஸு போயிடும்னு ஸ்பேனர்ல குழாயை மாட்டி முறுக்கிட்டேன். தெரிஞ்சும் உங்கள்ட்ட சொல்லல."

"அது கெடக்கு, விடுடா."

"விட மாட்டேங்குதுண்ணே."

கழன்றது.

புதுப் பிளக்கைக் கையாலேயே நேராக ஏற்றினான். முறிந்ததை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்."

மணி 12:20. வண்டி ஒரே அடியில் கிளம்பியது. "ஏறுடா" என்று கூப்பிட்டுக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார்.

ரோட்டில் யாரும் இல்லை.

பிற்பகல் 2:10-க்கு வானதிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திங்கட்கிழமை, மே 19. நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு சீப்புப் பழத்தோடு கோடியக்கரைப் பக்கம் தியாகராசன் ஊருக்குப் போனார் மிக்கேல்ராஜ். வாசலில் பந்தல். சற்று முன்தான் சென்னையிலிருந்து வேனில் பெட்டி வந்து இறங்கியிருந்தது.

"போன திங்கக்கெழமையே போயிட்டாருண்ணே" என்று அழுதாள் அவன் மனைவி மங்களாம்பிகை. "தூக்கி நிறுத்துன வண்டி நழுவி மேல விழுந்துட்டாம்."

பெட்டி மூடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். இறந்த தேதி மே 12. மஸ்கட்டில் அடைத்து முத்திரை வைத்த தேதி மே 15.

பிளக் கழன்றது மே 16.

முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்தபோது, உடலின் வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. இரண்டு கையையும் சேர்த்துக் கட்ட முடியவில்லை. நாலு பேர் இழுத்துப் பார்த்தும் விரல் பிரியவில்லை.

"கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க எல்லோரும் குளத்துக்குப் போனார்கள். மேளச் சத்தம் தூரமாகத் தேய்ந்தது.

மிக்கேல்ராஜ் தனியாக நின்றார்.

தலைமாட்டு விளக்கிலிருந்து விரல் நுனியில் எண்ணெய் தொட்டார். மடங்கிய விரல்களில் தடவினார்.

இழுக்கவில்லை. முதலில் கொஞ்சம் உள்ளே அழுத்தினார்.

பிறகு தளர்த்தினார்.

"பொண்ணு பொறந்திருக்கு தம்பி" என்றார் மெதுவாக. "எல்லாம் சரியாயிட்டு. இனிமே மனசுல வச்சுக்காத."

ஒவ்வொரு விரலாக விட்டது.

உள்ளே... முறிந்த பிளக்.

கை பனிக்கட்டி போல இருந்தது. பிளக் மட்டும் சுட்டது. இப்போதுதான் இஞ்சினிலிருந்து கழற்றியது போல.

அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவனுடைய இரண்டு கையையும் சேர்த்து வைத்தார். அன்று பாதியில் நின்ற செபத்தின் இரண்டாவது வரி இப்போது வந்தது. அவர்கள் தண்ணீரோடு திரும்புவதற்குள் அதைச் சொல்லி முடித்தார்.