இடைவெளி நீக்கிய ஒலிப்பதிவு

இதில் நான் நேரில் கண்டவற்றையும், என் முன்னால் பேசப்பட்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். சரிபார்க்காத ஒரு நேரத்தை மருத்துவரிடம் உறுதியான குரலில் சொன்னவன் நான். இனி அப்படி எழுதும் துணிவு எனக்கு இல்லை.

ஆம்பூரில் என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே ஓர் அம்மாள் காலணிகளின் மேல்பாகத் தோலைத் தைத்துக் கொடுத்துவந்தார். எழுதும்போது கேட்கவென்று மழை, அருவி, காடு என்று பல ஒலிகளைக் கைப்பேசியில் முயன்றிருக்கிறேன். எதுவும் அந்தத் தையல் எந்திரத்தைப் போல மனத்தை அடக்கவில்லை. ஒருநாள் அவரிடம் கேட்காமலே சுவரோரம் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தேன். தோலைத் திருப்பும் இடைவெளிகளையும் இருமலையும் வெட்டி நீக்கி, ஓயாமல் சுழலும்படி அமைத்தேன். பிறகு நாள்தோறும் சிறிய ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டே எழுதினேன்.

அவர் மகள் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவள். முன்பே ஒருமுறை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் என்னிடம் சொல்லியிருந்தாள்: "சார், அம்மாக்கு பிபி ஜாஸ்தி. ரொம்ப நேரம் மிஷின் சத்தம் கேக்கலன்னா ஒரு வாட்டி எட்டிப் பாருங்க."

உள்ளிருந்து அம்மாள் சிரித்தார். "நான் நிறுத்திட்டா சாருக்கு எழுத வராதுடி. அதுக்காவது வருவாரு."

ஒருநாள் மாலை, வேலையிலிருந்து திரும்பிய மகளின் அலறல் கேட்டு ஓடினேன். அம்மாள் எந்திரத்தருகே சரிந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. காரில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனோம்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? கரெக்டா சொல்லுங்க. இது ஸ்ட்ரோக். ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ளன்னாதான் போடலாம்" என்றார் மருத்துவர்.

"நாலு மணிக்குக்கூட தைச்சிக்கிட்டு இருந்தாங்க டாக்டர். என் காதால கேட்டேன்."

ஊசிக்கு ஆயத்தம் தொடங்கியது. வீட்டுக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்தேன். அது சூடாக இருந்தது. திரையில் அந்தத் தையல் பதிவு, ஸ்பீக்கர் இல்லாததால் சத்தமின்றி, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான் அதை நிறுத்தவே இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப நீங்க கேட்டது இன்னிக்கி சத்தமா, பழைய சத்தமா?"

"தெரியல டாக்டர்."

"அப்பன்னா காலைல பொண்ணு கெளம்புன நேரத்துலேர்ந்துதான் எடுத்துக்கணும். ரொம்ப நேரம் ஆயிடுச்சி. ஊசி வேணாம், ஆபத்து."

மகள் என் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா மிஷினையா சார் ரெகார்ட் பண்ணி வெச்சிருக்கீங்க?"

நான் தலையசைத்தேன். அன்றே அந்தப் பதிவை அழித்தேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அம்மாள் உயிரோடு இருக்கிறார். வலக்கை இன்னும் எழவில்லை. தையல் எத்தனை மணிக்கு நின்றது என்பது தெரியவில்லை. நின்றதும் நான் போயிருந்தால் அந்தக் கை பிழைத்திருக்குமா என்பதும் தெரியவில்லை.