கண்டெய்னருக்குள் பெய்யும் மழை

புதன்கிழமை காலை. அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் சத்தம் போட்டது. கொழும்பு ஸ்டோரிலிருந்து ஒரு மெசேஜ்: "அக்கா, கப்பல் போய்ச் சேர்ந்தாச்சு. வெள்ளிக்கிழமை கண்டெய்னரைத் திறப்பாங்க."

அவ்வளவுதான். எத்தனை சுண்டு அரிசி எடுத்தேன் என்பதே மறந்துபோனது.

ஏன் இந்தப் பயம்? சொல்கிறேன். தப்பு என்னுடையது...

ரத்தோட்டையைத் தாண்டி, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் எங்கள் வீடு. அக்கம்பக்கத்து ஆறு வீட்டு மிளகும் எங்கள் வாசலில்தான் சேரும். என் வீட்டுக்காரர் மூட்டை கட்டிக் கொழும்பு ஸ்டோருக்கு அனுப்புவார். அங்கே கண்டெய்னரில் ஏறி, ஜெர்மனிக்குப் போகும்.

மூட்டை கிளம்பும் நாளில் நான் ஒரு காரியம் செய்வேன். முத்துமாரியம்மனை நினைத்து, வேப்பிலைக் கொத்தால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பேன். பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பும்போது மனசு கேட்குமா? அந்த மாதிரிதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னும் தெளித்தேன். பதினெட்டு மூட்டைக்கும். இந்த முறை கொஞ்சம் தாராளமாகவே.

மாத்தளை டவுனிலிருந்து லொறி கொண்டுவருபவர் நிசார் நானா. பல வருஷப் பழக்கம். முதல் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தவர், உடனே கீழே இறக்கினார். சட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். மஞ்சள்.

"யா அல்லாஹ்! என்ன தங்கச்சி, மிளகுக்கு மஞ்சத்தண்ணி ஊத்திச் சடங்கா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு சொட்டுத் தண்ணிதானே நானா, போற வழியில காஞ்சிடும். ஏத்துங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்க தம்பி காயும்? கண்டெய்னர்னா இரும்பு டின்னு. மூடி சீல் வச்சா காத்து போகாது. பகல்ல வேகும், ராவுல குளிரும். உள்ள இருக்கிற ஈரமெல்லாம் ஆவியாகி, மேல தகரத்துல ஒட்டி, திரும்ப மிளகு மேலயே சொட்டும். மழைதான்! ஒரு மூட்டை நனைஞ்சிருந்தா போதும், பக்கத்துல இருக்கிறதும் சேர்ந்து பூஞ்சணம் புடிக்கும்."

நடுக்கடல். பூட்டிய இரும்புப் பெட்டி. அதற்குள் மழையா?

"அதுவும் இப்ப செங்கடல் பக்கம் சண்டைன்னு கப்பல் ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டுப் போகுது. முந்திய விடக் கூடுதல் நாள் உள்ள கெடக்கணும்."

"அப்ப காய வச்சு அடுத்த கிழமை அனுப்புவோமா நானா?"

"நாளைக்கு மத்தியானம் சீல் வைக்கிறாங்க தங்கச்சி. இதை விட்டா அடுத்த கப்பல்ல எப்ப எடம் கெடைக்கும்னு ஸ்டோர்காரங்களுக்கே தெரியாது."

என் கையில் செம்பு அப்படியே நின்றது. மூட்டைகளில் பாதி பக்கத்து வீட்டுச் சோமா அக்காவுடையது. போன மழையில் அவர் வீட்டுக் கூரை போய்விட்டது. இந்த மிளகு விலைபோனால்தான் புதுக் கூரை. பூஞ்சணம் பிடித்துத் திரும்பினால்? அந்த வீட்டுக்குள் அடுத்த மழையும் பெய்யும்... என் தண்ணீரால்.

அவரிடம் போய்ச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அவருக்குத் தமிழ் பாதி, எனக்குச் சிங்களம் பாதி. திட்டுவார் என்று நினைத்தேன். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"சாமிக்குத் தண்ணி குடுத்தது தானே? இப்ப போய் வெயில் கேளுங்க!"

சொல்லிவிட்டு, தன் வீட்டில் கூரைக்குப் பதிலாக மூடியிருந்த படங்குச் சீலையையே உருவிக்கொண்டு வந்து என் வாசலில் விரித்தார்.

ஆறு வீட்டாரும் கூடினார்கள். மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினோம். ரிவர்ஸ்டன் மலையை முகில் மூடியிருந்தது. அது ஒரு பாய்ச்சலில் கீழே வந்தால் எல்லாம் முடிந்தது. நான் வாய்விட்டுக் கும்பிடவில்லை. மிளகைக் கிளறிக்கொண்டே மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன். நிசார் நானா வேறு ஹயர் ஓட்டத்துக்குப் போகாமல் காத்திருந்தார். எங்கள் பின்வாசலில் பாய் விரித்துத் தொழுதார்.

பதினொரு மணிக்கு வெயில் வந்தது. மேலே மலையில் முகில், எங்கள் வாசலில் வெயில். மூன்று மணி வரை அசையவே இல்லை!

ஈரம் பார்க்கும் மெஷினில் என் வீட்டுக்காரர் மிளகைப் போட்டார். ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேலே போகக் கூடாது. காலையில் பதினாலு காட்டியது, இப்போது பதினொன்று. புதுச் சாக்கு மாற்றி ஏற்றினோம்.

செம்பில் மிச்சம் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர். என்ன செய்வது?

"டயருக்கு ஊத்துங்க தங்கச்சி" என்றார் நிசார் நானா. "அது காயும்."

அன்றிலிருந்து தினமும் போனில் அந்தக் கப்பலைப் பார்ப்பேன். ஸ்டோரில் அனுப்பிய லிங்கைத் தட்டினால் வரும் கடல் படத்தில் அது ஒரு சின்னப் புள்ளி. ஆப்பிரிக்காவின் அடி முனையில் 'நன்னம்பிக்கை முனை' என்று போட்டிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். யார் வைத்த பேரோ! எந்தக் கப்பல்காரன், எந்த மழைக்குப் பயந்து, யாரைக் கும்பிட்டு வைத்தானோ... என் வேலி மரத்தில் படர்ந்த கொடியின் மிளகு அந்த முனையைச் சுற்றிப் போகிறது. ஜெர்மனியில் யாரோ முட்டைக்கு மேலே ஒரு சிட்டிகை தூவிவிட்டு, மறந்துபோய்ச் சாப்பிடுவார். இத்தனை கடலா, இத்தனை கைகளா, ஒரு சிட்டிகைக்கு?

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் போன் அடித்தது. ஸ்டோரில் வேலை செய்யும் தம்பி.

"அக்கா, தெறந்தாச்சு. ஈரமில்ல, பூஞ்சணமில்ல. பதினெட்டும் பாஸ்!"

வேலிக்கு மேலால் கத்தினேன். சோமா அக்கா உடனே கூரைக்கு அளவெடுக்க ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இன்னொண்ணு அக்கா... ஒரு மூட்டைக்குள்ள காஞ்ச எலை ஒண்ணு கெடந்துச்சாம். அது என்ன எலைன்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

கண் கலங்கிவிட்டது. வேப்பிலை!

"துணைக்குப் போனவள்னு சொல்லுங்க தம்பி."