பை பார்க்கும் அங்கிள்

சவுந்தரநாயகத்துக்கு வாய்த்ததெல்லாம் வாசல்கள்தான். பிழைப்பு, துறைமுக வாசலில் நின்று கொண்டெய்னர்களின் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஞாயிறு பூசைக்குப் போனாலும் கதவோரமாகக் கடைசி வாங்கில்தான் இருப்பார். கொட்டாஞ்சேனை வீட்டில், மனைவி செலீன் பூட்டிய கதவைத் தானும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் படுக்கமாட்டார். "இந்த மனுசனுக்கு மோட்சத்திலயும் சம்மனசுகள் கேற் டியூட்டிதான் குடுக்கும்" என்பாள் செலீன். மனுசன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இவற்றோடு இன்னொரு வாசலும் வந்து சேர்ந்தது. அது மகனுடைய பள்ளிக்கூட வாசல். கொட்டாஞ்சேனையிலிருந்து அதிகம் பிள்ளைகள் போகாத, நகரின் மறுபக்கம் காலி வீதியில் இருக்கும் கத்தோலிக்கக் கல்லூரி. ஒரே மகன் மெல்ரோய் அங்கே ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம்தான் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. சவுந்தரநாயகத்தின் ஒழுங்கையிலேயே இரண்டு வீடுகளில் சவப்பெட்டி. இரண்டுக்கும் தோள் கொடுத்தார். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது, பிள்ளைகளின் பைகளைச் சோதிக்க அப்பாமார் உதவிக்கு வரவேண்டும் என்று கேட்டார்கள். இவருக்குப் பின்னேர ஷிப்ட். காலை நேரம் சும்மாதான் கிடந்தது. முதல் ஆளாய்க் கை தூக்கினார்.

அப்பாமாருக்குத் தலைமை தாங்கிய ஹியூபேட் ஒரு சட்டம் போட்டார். எந்த அப்பாவும் தன் மகனுடைய பையைப் பார்க்கக்கூடாது, மகன் மற்ற வரிசையில்தான் போகவேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் சவுந்தரநாயகத்திடம் ஒரு சட்டத்தைக் கொடுத்தால், அதற்குத் தன் பங்குக்கு இன்னும் இரண்டு பூட்டுப் போடாமல் விடமாட்டார். முதல் நாள் காலையிலேயே மகனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"இஞ்ச பார் மகன். கேற்றில நான் உனக்கு டடா இல்ல. நீயும் எனக்கு மகன் இல்ல. என்னைக் கண்டா கதைக்கப்படாது, சிரிக்கவும்படாது. விளங்கினதா?"

"ஓம் டடா" என்றது பதினொரு வயதுப் பிள்ளை.

சவுந்தரநாயகத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நேர்மையென்றால் இதுவல்லவா நேர்மை! அன்று முதல் அவர் மோட்டார் சைக்கிளில் முந்திப் போவார், மகன் பஸ்ஸில் பிந்திப் போவான். பெற்றோர் கூட்டங்களுக்கு எப்போதும் செலீன்தான் போவாள்.

காலம் போகப் போகப் பயம் வடிந்தது, பை சோதனையும் நின்றது. அப்பாமாரும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஹியூபேட்டும் இவரும் மட்டும் மிஞ்சினார்கள். வான்களை ஒழுங்குபடுத்துவது, சின்னப் பிள்ளைகளை வீதி கடக்க விடுவது என்று ஏதோவொரு வேலை இருந்துகொண்டேயிருந்தது. இவர் பெயர் ஒரு பையனுக்கும் தெரியாது. 'பை பார்க்கும் அங்கிள்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

சோதனை நின்ற பிறகும் ஒரேயொரு பையன் மட்டும் அவர் முன்னால் வந்ததும் நிற்பான். முதுகிலிருந்து பையைக் கழற்றி, ஸிப்பை இழுத்து, வாயை அகல விரித்துக் காட்டுவான். பெயர் இன்ஷாப். மெல்ரோயின் வகுப்பு. "வேண்டாம் மகன், போ போ" என்று சவுந்தரநாயகம் சிரிப்பார். மறுநாளும் திறப்பான்.

"பாத்தியே ஹியூபேட், வளர்ப்பெண்டா இது. அந்த முஸ்லிம் பிள்ளைக்கு இருக்கிற மரியாதை எங்கட பிள்ளையளுக்கு இல்ல."

இதையே ஒருநாள் வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் சொன்னார். மெல்ரோய் பாதிச் சோற்றோடு தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனான். கறியில் உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று செலீன் சட்டியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

இந்த வருடம் கல்லூரிக்குப் புதிதாக வந்த அதிபர் ஃபாதர், திருவிழா வாரத்தில் ஒருநாள் காலைக் கூட்டத்தில் இந்த அப்பாமாருக்கு நன்றி சொல்ல விரும்பினார். பெயரைக் கூப்பிட்டதும் அப்பா மேடைக்கு வரவேண்டும். அவருடைய மகன் ஏறி வந்து மாலை போடவேண்டும். செலீன் வெள்ளைச் சேர்ட்டை இரண்டுதரம் அயர்ன் பண்ணினாள். மெல்ரோய்க்குப் பதினாறு வயது, மீசை அரும்பியிருந்தது. காலையில் சப்பாத்துக் கட்டிக்கொண்டே, "கட்டாயம் போகத்தான் வேணுமா டடா?" என்று கேட்டான். "போகாம?" என்றார் அவர். வெட்கப்படுகிறான் என்று நினைத்துச் சிரித்தும் வைத்தார்.

முதலில் ஹியூபேட். மகன் ஓடி வந்து மாலை போட்டான். மண்டபம் அதிரக் கைதட்டல். அடுத்தது சவுந்தரநாயகம். படியேறி, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். கைதட்டல் எழுந்தது, தளர்ந்தது, நின்றுபோனது. ஒருவரும் வரவில்லை.

"மகன் ஆர்? கெதியா மேடைக்கு வாங்க" என்றார் ஒலிவாங்கியைப் பிடித்திருந்த இளம் ஆசிரியர்.

பதினோராம் வகுப்புப் பையன்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவன் எழும்பி உதவி செய்கிற குரலில் சொன்னான்: "சேர், அது பை பாக்கிற அங்கிள். அவருக்கு இந்த ஸ்கூல்ல மகன் இல்ல சேர்."

அவனைச் சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு முகத்திலும் கேலியில்லை. அவர்களுக்கு அது உண்மை. சவுந்தரநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் வரிசையில் மெல்ரோய் இருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்தில் இன்ஷாப். ஐந்து வருடமாக இதே பிள்ளைகளோடு இருந்து படிக்கிறான், எஸ். மெல்ரோய் என்கிற பெயரில் அந்த 'எஸ்' யார் என்று ஒருவனுக்குக்கூடத் தெரியவில்லை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதென்பார்கள். இங்கே ஒரு முழு அப்பாவையே மறைத்திருக்கிறான்.

ஆசிரியர் அவரையே பார்த்தார். சவுந்தரநாயகத்தின் வாய் தானாகத் திறந்தது.

"மகனுக்குக் காய்ச்சல் சேர். இண்டைக்கு வரேல்ல."

மேடையில் மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று சொன்ன பொய். மாலையை ஹியூபேட்தான் எடுத்துப் போட்டார். அந்தப் பூவின் ஈரம் கழுத்தில் பட்டபோது சவுந்தரநாயகத்துக்கு அழுகை வந்தது.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. மகன் வீட்டுக்குள் காலடி வைத்ததும் வைக்காததுமாக வெடித்தார்.

"சீல் பாக்கிறவன்ர மகன் எண்டு சொல்ல வெக்கமாடா உனக்கு?"

"உங்கட வேலைக்கு நான் ஏன் டடா வெக்கப்படவேணும்?" என்றான் மெல்ரோய். "இன்ஷாப்பின்ர பையக் கொட்டினீங்களே, அதுக்குத்தான்."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. அந்த முதல் வருடம், மழை பெய்த ஒரு காலைப்பொழுது. அந்தப் பையனின் பை ஸிப் இறுகியிருந்தது. பறித்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். புத்தகங்களும் சாப்பாட்டுப் பெட்டியும் வெள்ளத்தில் விழுந்தன. "பேர் என்னடா?" என்று கேட்டு, முஸ்லிம் பெயரென்றதும் இன்னொருதரம் உதறினார்.

"அது பயந்த காலம் மகன். எல்லாற்ற பையும் பாத்தனாங்கள்தானே."

"எல்லாற்ற பையயும் பாத்தீங்க. அவன்ரய மட்டும் கொட்டினீங்க. அவன் அழுதுகொண்டு வகுப்புக்கு வந்தான். 'அந்த மனுசன் ஆர்ரா' எண்டு எல்லாரும் கேட்டாங்க. நான் தெரியாதெண்டு சொன்னேன்." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். "நீங்கதானே சொன்னீங்க, கேற்றில நான் உனக்கு டடா இல்லையெண்டு. பிறகு அவன் எனக்கு நல்ல கூட்டாளியாயிட்டான். இண்டைக்கும் பக்கத்தில இருந்தவன். நான் எப்பிடி எழும்பி வாறது?"

செலீன் அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்தாள்.

"மரியாதைக்கா அவன் பையத் திறக்கிறான்?" என்றான் மெல்ரோய். "நீங்க கொட்டுறதுக்கு முந்தித் திறக்கிறான் டடா."

சவுந்தரநாயகம் பேயறைந்தவர் போலக் கதிரையில் இருந்துவிட்டார். ஊரெல்லாம் சொல்லிப் புகழ்ந்த அந்த மரியாதை! அத்தனை காலைகளும், அந்தப் பிள்ளை பயந்து பையை விரிக்க விரிக்க, அவர் நின்று பல்லைக் காட்டியிருக்கிறார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. அன்றிரவு கதவை இழுத்துப் பார்க்கவும் மறந்துபோனார்.

மறுநாள் காலை, வழக்கம்போல வாசலில் நின்றார். சொல்லவேண்டியதை வரும் வழியெல்லாம் மனதுக்குள் செபம்போல உருப்போட்டிருந்தார். இன்ஷாப் வந்தான். நின்றான். பையைக் கழற்றி, ஸிப்பைத் திறந்தான்.

"வேண்டாம் மகன்" என்றார் சவுந்தரநாயகம். "நான் உன்னட்ட ஒண்டு கேக்கவேணும். அந்த நாள் உன்ர புத்தகங்களை நான் கொட்டினது பெரிய பிழை. பாவம். என்னை மன்னிச்சுக்கொள்."

பையன் திகைத்துப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பெரியவர் ஒருவர் கேட்கும் கேள்விக்குச் சரியான பதில் சொல்லவேண்டுமே என்ற கவலை அந்த முகத்தில் இருந்தது.

"எந்த நாள் அங்கிள்?" என்று கேட்டான்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். அவர் ஞாபகத்தில் வைத்திருந்தது ஒரு நாளை. அது எத்தனை நாள் நடந்ததென்று அவருக்கு இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. பிள்ளை பையைத் திறந்து பிடித்தபடியே காத்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த பையன்களும் நின்றுவிட்டார்கள்.

"டடா."

பஸ்ஸால் இறங்கி வந்த மெல்ரோய் பக்கத்தில் நின்றான். அந்த வாசலில் அவன் அந்தச் சொல்லைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"பெல் அடிக்கப்போகுது. அவனை விடுங்கோ டடா."

இன்ஷாப்பின் கை ஸிப்பிலேயே நின்றுவிட்டது. அவன் சவுந்தரநாயகத்தைப் பார்த்தான். பிறகு தன் கூட்டாளியைப் பார்த்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"இவரா மச்சான், உன்ட வாப்பா?"

மெல்ரோய் அப்பாவைப் பார்க்கவில்லை, இன்ஷாப்பைத்தான் பார்த்தான்.

"ஓம்" என்றான்.