முகமூடிக்காரர் தந்த ரொபி

சிட்னியில் எங்கள் டூங்கபி வீட்டில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. எவ்வளவு குளிராக இருந்தாலும் வீட்டுக்குள் யாரும் ஜம்பரோடு சேர்த்துத் தைத்த தொப்பியை இழுத்துத் தலையை மூடக்கூடாது. நான் மறந்துபோய் மூடிக்கொண்டால், அப்பா சத்தமில்லாமல் பின்னால் வந்து அதைக் கழுத்துக்குத் தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டால், "முகத்தைக் காட்டிக்கொண்டு இரு பிள்ளை" என்பதோடு சரி. செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அப்பாவுக்கு மற்றபடி சட்டம் போடுவதில் ஆர்வம் இல்லை. நான் பல் தீட்டாமல் படுத்தால்கூடக் கண்டுகொள்ள மாட்டார். அதனால் இந்த ஒரு சட்டத்தை அவருடைய கிறுக்குகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

எங்களுக்குக் குடியுரிமை கிடைத்த அடுத்த வருடம், 2012 ஆக இருக்கவேண்டும், பாரிஸில் இருந்த சித்திக்குக் குழந்தை பிறந்தது. எனக்கு எட்டு வயது. ஈஸ்டர் விடுமுறையில் குழந்தையைப் பார்க்கப் போனோம். சித்தியின் கணவர், பாரிஸ் சித்தப்பா, சகலமும் அறிந்தவர். அதை அவரே அடிக்கடி சொல்லுவார். பரிசுத்த வாரத்தில் ஐரோப்பாவுக்கு வந்துவிட்டு ஸ்பெயினில் செவியா நகரத்து ஊர்வலத்தைப் பார்க்காமல் திரும்பினால் ஆண்டவரே மன்னிக்கமாட்டார் என்று ஒற்றைக்காலில் நின்றார். அம்மா மன்னார்க் கத்தோலிக்கப் பெண். தவக்காலம் முழுக்க இறைச்சியைக் கண்ணாலும் பார்க்கமாட்டார். அவர் மறுப்பாரா? சித்தியையும் குழந்தையையும் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் நால்வரும் மலிவு விமானமொன்றில் ஏறினோம்.

"அங்கை ஒரு சாமான் இருக்கு அக்கா. இப்ப சொல்லமாட்டன். நேரிலை பார்த்து வாயைப் பிளக்கவேணும்" என்றார் சித்தப்பா விமானத்தில்.

அதை அவர் அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அம்மா பிற்காலத்தில் பலமுறை ஆத்திரப்பட்டிருக்கிறார்.

பெரிய வியாழன் பின்னேரம் செவியாத் தெருவில் நின்றோம். நல்ல வெயில். தெருவோரம் முழுக்க ஆரஞ்சுத் தோடை மரங்கள். அப்பா எட்டி ஒரு பழத்தைப் பிடுங்கி, உரித்து, ஒரு சுளையை வாயில் போட்டார். அது கசப்புத் தோடை. அவர் முகம் போன கோணலைப் பார்த்து அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "களவுக்குப் பலன் கிடைச்சிட்டுது. ஆரும் காணேல்லைத்தானே?" என்று அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டைப் பையில் எங்கள் மூன்று பேரின் புதுப் பாஸ்போர்ட்டுகளும் துருத்திக்கொண்டு நின்றன. விடுதி அறையில் அவற்றை விட்டுவர அவர் சம்மதிக்கவில்லை. நாங்கள் நடைபாதையின் முன்வரிசையில், தெருவை ஒட்டி நின்றோம். நல்ல இடம் பிடித்துத் தந்த பெருமை சித்தப்பாவுக்கு.

முதலில் மேளச் சத்தம் கேட்டது. கலியாண மேளம் அல்ல. ஒரு அடி, பிறகு நீண்ட அமைதி, பிறகு ஒரு அடி. கூட்டம் சட்டென்று வாய் மூடிக்கொண்டது. தெரு முனையில் அவர்கள் திரும்பினார்கள்.

கறுப்பு அங்கி கால்வரைக்கும். தலையில் ஒரு முழம் உயரத்துக்குக் கூம்பு. அதிலிருந்து இறங்கிய துணி முகத்தையும் நெஞ்சையும் மூடியிருந்தது. கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். கையில் நீண்ட மெழுகுதிரி. இரண்டு வரிசையாக, முடிவே தெரியாமல் வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்தேன். அது சில்லென்று இருந்தது.

சித்தப்பாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "பயப்பிடாதை பிள்ளை. செய்த பாவத்துக்கு வெட்கப்பட்டு முகத்தை மூடினவை. நேர்த்திக்கடன். கோயிலுக்குத் திரும்பிப் போகுமட்டும் வாய் திறக்கமாட்டினம். தலையை மட்டுந்தான் ஆட்டுவினம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். பயம் வந்தால் அவர் முகத்தைப் பார்ப்பது என் வழக்கம். அவர் ஏதாவது பகிடி விடுவார், பயம் போய்விடும். அன்று அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மீதித் தோடம்பழம் அவர் காலடியில் கிடந்தது.

"நிமிந்து பார்க்காதை. நிலத்தைப் பார். அசையாதை" என்றார். அது நான் அதுவரை கேட்டிராத குரல். என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துவிட்டார். அடுத்த கணமே, "இல்லை, இல்லை, பின்னுக்கு வேண்டாம்" என்று முன்னால் இழுத்து, தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து, படம் இருக்கும் பக்கத்தை விரித்து, நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணை, இங்கை ஒருத்தரும் ஐடி கேக்கேல்லை" என்று சித்தப்பா காதுக்குள் சொன்னார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். கை இறங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் முதுகில் அவர் வயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா நடுங்குவார் என்பதே எனக்குப் புதிய செய்தி. முகமூடிக்காரர்களைவிட அந்த நடுக்கத்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயமே இல்லை. மெழுகு உருண்டைகளை நீட்டிக்கொண்டு அவர்களிடம் ஓடினார்கள். முகமூடிக்காரர்கள் நின்று, மெழுகுதிரியைச் சரித்து, உருண்டையின்மேல் உருகிய மெழுகைச் சொட்டவிட்டுப் போனார்கள். அந்த வரிசையில் ஒருவர் எங்களுக்கு நேரே வந்து நின்றார். உயரமானவர். ஓட்டைகளுக்குள் இரண்டு கண்கள் அசைந்தன. அவை அப்பாவின் முகத்தைப் பார்த்தன, பாஸ்போர்ட்டைப் பார்த்தன, கடைசியில் என்னைப் பார்த்தன. பாஸ்போர்ட் எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை போலும். அங்கிக்குள் கையை விட்டார். அப்பாவின் மூச்சு நின்றது. வெளியே வந்த கை என் உள்ளங்கையில் ஒரு ரொபி மிட்டாயை வைத்தது. பிறகு அவர் மெதுவாக ஒருதடவை தலையை ஆட்டிவிட்டு நடந்துபோனார்.

என் பயமெல்லாம் அந்த நொடியில் ஓடிவிட்டது. சிவப்புத் தாளில் சுற்றிய பெரிய ரொபி. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் எனக்கு!

அப்பா குனிந்து என் தோள்களைப் பிடித்தார். "ஆருக்கு ஆட்டினது? பிள்ளை, வடிவாச் சொல்லு. எனக்குத்தானே? எனக்குத்தானே ஆட்டினவன்?"

"இல்லை அப்பா, எனக்கு! என்னைப் பார்த்துத்தான் ஆட்டினவர்" என்றேன்.

அப்பா என்னைத் தூக்கினார். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்து, பிளந்து, ஓடினார். அம்மா கத்துவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. சந்துக்குச் சந்து திரும்பினார். எங்கே திரும்பினாலும் மேளம் கேட்டது. கடைசியில் திறந்து கிடந்த ஒரு மாடிவீட்டு வாசலுக்குள் புகுந்து, படிக்கட்டுக்குக் கீழே, சைக்கிள்களுக்குப் பின்னால் என்னைத் திணித்துவிட்டு முன்னால் குந்திக்கொண்டார். நான் அழத் தொடங்கினேன். என் வாயை அவர் கை பொத்தியது. தோடம்பழ மணம். மூச்சு முட்டியது. வெளியே மேளம் நெருங்கி, எங்களைத் தாண்டி, தூரமாகப் போனது. அதன்பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. நான் பொத்தியிருந்த கையை மற்றக் கையால் விரல் விரலாகப் பிரித்து, ரொபியை எடுத்து இருட்டுக்குள் எறிந்தார். என் அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, என்னை ஏதாவது செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அன்றுதான்.

அம்மா தெருத் தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்து எங்களைக் கண்டுபிடித்தார். ஏசவில்லை. அந்த அழுக்குத் தரையில் அப்பாவுக்கு முன்னால் குந்தி, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"இது ஸ்பெயின். ஊர் இல்லை. பிள்ளை இருக்கு, பாருங்கோ. ஒருத்தரும் கொண்டுபோகேல்லை."

அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வெகுநேரத்துக்குப் பிறகுதான் அப்பாவின் கை என் வாயிலிருந்து இறங்கியது.

சித்தப்பா இந்தக் கதையைப் பாரிஸ் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்ததாகக் கேள்வி. அப்பா இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. எனக்கோ ரொபி போன கோபம் சிட்னிக்குத் திரும்பி வந்தபிறகும் ஆறவில்லை.

நான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய வருடம் ஒருநாள், குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். எனக்குச் சித்தப்பா முறை. பள்ளிக்கூடம் முடித்து ஒருவருடமும் ஆகாத பெடியன். சண்டைக்காலத்தில், ஒரு சுற்றிவளைப்பில், ஆமி ஊர் ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய், அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க விட்டது. எதிரே கதிரையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். திரும்பி வந்தவர் இல்லை. தம்பி பயந்து அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தாராம். சாக்கு ஆடியது. தனக்குத்தான் என்று அப்பா ஓரடி முன்னால் வைத்தார். ஆமிக்காரன் அவரைத் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றவரைப் பிடித்தான்.

"ஆருக்கு ஆட்டினது எண்டு கொப்பாவுக்கு இண்டைக்கும் தெரியாது" என்றார் அம்மா. "நித்திரையிலும் அதைத்தான் கேப்பார்."

அந்தக் கேள்வியை அவர் ஒரேயொரு தடவை விழித்திருக்கும்போது கேட்டார். என்னிடம் கேட்டார். எனக்குத்தான் என்று துள்ளிக்கொண்டு சொன்னேன்.