அடுத்த யூனியனின் கம்பி

இந்த ஊரில் வேலைக்குள் நுழைந்ததும் எந்த இரும்பைத் தொடக்கூடாது என்றுதான் முதலில் பார்க்கிறேன். கனடாவில் ஒரு காகித ஆலைக் கட்டுமானம். குழாய் என்றால் எங்கள் பைப் ஃபிட்டர் யூனியன். கொதிகலன் பாய்லர்மேக்கர்களுக்கு. உத்திரம், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பியெல்லாம் அயர்ன் ஒர்க்கர்களுக்கு. மூவரும் வைப்பது ஒரே வெல்டிங்தான்; தீப்பொறிக்கு மட்டும் இன்னும் யூனியன் அமையவில்லை.

சிங்காநல்லூர்ப் பட்டறையில் பதினைந்து வருடம் இருந்தவன் நான். காலையில் மோட்டாரின் அடிச்சட்டம், மதியம் பல்லடத்துக் கோழிப்பண்ணைக் கதவு, சாயங்காலம் லாரி பம்பர். வந்தவர் போகிறபோக்கில், "இதையும் ஒரு இழுப்பு இழுத்துப்போடுங்க" என்பார். இழுத்துப்போடுவோம். மாட்டேன் என்பவனுக்குத் தலைக்கனம் என்று பெயர்.

இங்கே மூன்று மாதம் வம்பில்லாமல் ஓட்டினால் யூனியன் கார்டு. கார்டு வந்தால்தான் வேலை நிலைக்கும். வேலை நிலைத்தால்தான் மனைவி சரோஜாவையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். பதினோராவது வாரம், மேல்தளத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியின் கால் ஆடியது. கையில் பாதி வெல்டிங் ராடு மிச்சமிருந்தது. இரண்டு அங்குலம் பற்றவைத்துவிட்டு, புண்ணியம் செய்த முகத்தோடு இறங்கினேன்.

அரை மணியில் அயர்ன் ஒர்க்கர்கள் அத்தனை பேரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் யூனியன் பிரதிநிதி டக் ஓடிவந்தார்.

"அதை யார் பற்றவைத்தது?"

"நான்தான்," என்றேன், பாராட்டுக்குத் தயாரான அடக்கத்துடன். "காசெல்லாம் வேண்டாம்."

டக் முகம் இன்னும் சிவந்தது. "அயர்ன் ஒர்க்கர் வேலையை நீ சும்மா செய்துகொடுத்தால் கம்பெனிக்கு அவன் எதற்கு?"

என் வெல்டிங்கைக் கிரைண்டரால் சீவி எறிந்துவிட்டு, அதே இடத்தில் அயர்ன் ஒர்க்கர்களே புதிதாகப் பற்றவைத்தார்கள். என் கார்டு விவகாரம் யூனியன் கமிட்டிக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போனில் சரோஜாவிடம் சொன்னேன்.

"ஏனுங்க, நம்மூட்டு கேட்டுக் கொக்கி ஆறு மாசமா ஆடுச்சு. கேட்டப்பெல்லாம் நாளைக்கு, நாளைக்குன்னீங்க. ஊரான் கம்பின்னா கை தானாப் போகுதுங்களா?"

"கெட்ட புத்திதான் அம்மணி."

"பாப்பாவுக்கு ஸ்கூல்ல டி.சி. கேட்டுப்போட்டனுங்களே. இப்ப வேண்டாம்னு சொல்லட்டுங்களா?"

கமிட்டி முடிவு வரட்டும் என்றேன்.

கமிட்டி எச்சரிக்கையோடு விட்டது, ஒரு நிபந்தனையுடன்: அயர்ன் ஒர்க்கர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சாப்பாட்டு வேளையில் போனேன். நரைத்த தாடிக்காரர் ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டார்.

"உங்கள் ஊரில் எல்லா வேலையும் நீயே செய்வாயாமே?"

"எல்லாம்," என்றேன், விட்டுப்போன பெருமை திரும்பிவர.

"அப்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்?"

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பட்டறையில் கேஸ் தீயில் இரும்பு வெட்டும் கட்டிங் வேலை செய்துவந்த ஆறுமுகம் ஞாபகத்துக்கு வந்தார். நான் கட்டிங் பழகிய வாரமே முதலாளி அவரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அதை என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

கார்டு வந்தது. சரோஜாவைப் போனில் அழைத்து டி.சி.யை வாங்கிவிடச் சொன்னேன். அவள் அழுது, சிரித்து, குளிருக்கு என்னென்ன எடுத்துவருவது என்று கேட்டு முடித்தபின், "ஆறுமுகம் இப்ப எங்க இருக்காரு?" என்றேன்.

"கட்டிங் ஆறுமுகண்ணனுங்களா? உக்கடத்துல தக்காளி வண்டி போட்டிருக்காருங்க. எதுக்குங்க?"

கையிலிருந்த கார்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன். எந்தப் பக்கம், ஆறுமுகத்தின் பக்கமா முதலாளியின் பக்கமா என்று அவள் கேட்கவில்லை.